தனியாகக் கூடாரத்தோடு சைக்கிளில் போகிறவர்களே, பாதி வழியில் மனம் சலித்தால் என்ன செய்கிறீர்கள்?

கடலோரி | செவ்வாய், இரவு 8.50

வணக்கம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்க்கொண்டிருக்கிறேன். தனியாக. கேரியரில் கூடாரம், படுக்கை விரிப்பு, சின்ன அடுப்பு எல்லாம் இருக்கிறது. இப்போது முத்துப்பேட்டையில் இருக்கிறேன்.

முதல் பாதி பிரமாதமாகப் போனது. மரக்காணத்தில் உப்பளங்களுக்கு நடுவே விடிந்தது. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் சுரபுன்னைக் காட்டுக்குள் போனேன். தரங்கம்பாடியில் கோட்டைச் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கக் கடலைப் பார்த்தேன். அந்த நாட்களில் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். நாகப்பட்டினம் தாண்டியதிலிருந்து அது இல்லை. காலையில் கூடாரத்தை மடிக்கும்போதே "இன்றைக்கும் இதே சாலைதானா" என்று இருக்கிறது. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. வண்டியிலும் கோளாறு இல்லை. தை மாதத்து வாடைக்காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆனாலும் மனம் ஒட்டவில்லை. கிலோமீட்டர் கல்லைப் பார்த்துப் பார்த்து மிதிக்கிறேன்.

"உன்னால் முடியும்" வகைப் பதில்கள் வேண்டாம். பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றுமே இல்லாத சாதாரண நாளில் எதைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள் என்று சொல்லுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று எழுதினால்கூடப் போதும்.

பஞ்சர்பெட்டி | செவ்வாய், இரவு 9.25

தம்பி, மனசுக்குப் போவதற்கு முன்னால் வயிற்றைப் பார்ப்போம். உடம்பு சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். நீண்ட பயணத்தில் முதல் சில நாட்கள் உற்சாகமே சோறு போட்டுவிடும். அதற்கப்புறம்தான் கணக்குக் கேட்கும்.

விடிகாலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? டீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றால், நாற்பது கிலோமீட்டர் தாண்டியதும் உலகமே வெறுமையாகத்தான் தெரியும். கடலோரத்துப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் தலை கனத்து எதிலும் பிடிப்பில்லாமல் போகும். அதை நாம் சலிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வையுங்கள். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், கண்ணாலேயே அளந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடக் கூடாது. வழியில் எந்த வீட்டிலாவது பழைய சோறும் மோரும் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று. பதினொன்றிலிருந்து மூன்று வரை மிதிக்காதீர்கள். எங்கேயாவது நிழலில் படுத்துத் தூங்குங்கள். இரண்டு நாள் இப்படி இருந்து பார்த்துவிட்டு, அப்புறமும் மனம் ஒட்டவில்லை என்றால் மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தெற்குமுனை | செவ்வாய், இரவு 10.40

பஞ்சர்பெட்டி அண்ணன் சொல்வது சரிதான், அதை முதலில் செய்யுங்கள். ஆனால் சாப்பாடு சரியாக இருந்தும் இந்தச் சலிப்பு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே வந்திருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை இரண்டு பக்கமும் சீமைக்கருவேலும் பனையும்தான். நீங்கள் இப்போது சொல்லும் அதே நிலைமைதான் அங்கே எனக்கு.

காரணம் என்னவென்றால், நாம் இடங்களைப் பார்க்கக் கிளம்பி வருகிறோம். கோட்டை, கோவில், கலங்கரை விளக்கம். அவை ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றுதான் வரும். நடுவில் இருப்பது முழுக்க "கடந்து போக வேண்டிய தூரம்" ஆகிவிடுகிறது. நாள் பூராவும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறோம். பிறகு சலிக்காமல் என்ன செய்யும்?

நான் செய்தது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு வேலையை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பார்ப்பது. எந்த வேலையானாலும் சரி. வண்டியை ஓட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போவதில்லை. நிறுத்தி, இறங்கி, கேட்டு, உட்கார்ந்து.

பங்குனியில் சாயல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு பனையேறியோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன். இருட்டு விலகும் முன்பே ஏறிவிட்டார். காலில் திளாப்பு என்கிற நார்க் கயிற்று வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டி. மேலே போய்ப் பாளையை ஒரே ஒரு சீவு, அவ்வளவுதான். கிட்டே போய்ப் பார்த்தால், அந்தச் சீவல் வெற்றிலையைவிட மெல்லிசாக இருக்கிறது. கொஞ்சம் தடித்துப்போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் பதநீர் சுரக்காது என்றார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதைக் கொண்டுபோய் வீட்டில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினார்கள். ஆற வைத்துத் தட்டினால் கருப்பட்டி. அந்த அம்மா பாகின் பதம் பார்த்த விதத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்: துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு நான் போனது முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அதற்கடுத்து வந்த ஒவ்வொரு பனையும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. எதில் ஏணி சாத்தியிருக்கிறது, எதில் கலயம் தொங்குகிறது, எது ஏற ஆள் இல்லாமல் காய்ந்த மட்டையோடு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். சாலை அதேதான், பார்ப்பதற்கு மட்டும் நிறைய இருந்தது.

ஒற்றைமிதி | புதன், காலை 7.15

தெற்குமுனை, நீங்கள் எழுதியதை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் ஒரு நெருடல். அடுத்தவர் கஷ்டப்பட்டு வேலை செய்வதை நாம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு "ஊக்கம் கிடைத்தது" என்று சொல்வது சரியா?

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் உறவில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வெள்ளை வெளேரென்ற பாத்தியில் வெயில் பட்டுத் திரும்பி அடிக்கும். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விடுகிறது. பாதம் வெடித்து அந்த வெடிப்பில் உப்பு ஏறும். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும்? வண்டியில் வருகிறவர்கள் வரப்பு மேல் நின்று சூரிய உதயத்தோடு அவர்களைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். "உழைப்பின் அழகு" என்று கீழே எழுதுகிறார்கள். அதில் அழகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கடலோரியைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

தெற்குமுனை | புதன், காலை 8.05

நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

படம் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உட்கார்ந்தால் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள். "எங்கிருந்து வர்றீங்க, எதுக்கு இப்படி அலையுறீங்க, வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா" என்று கேட்பார்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பனையேறி என்னிடம் கேட்டது, இந்த வண்டியின் விலை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், தன் மகன் ஏன் பனை ஏற வரவில்லை, திருப்பூருக்கு ஏன் போனான், இங்கே ஒரு கிலோ கருப்பட்டியில் தனக்கு என்ன மிஞ்சுகிறது என்று அவராகவே சொன்னார். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக முடியாத காலைப்பொழுது அது. ஆனால் அன்றைக்கு என் மனம் அங்கே முழுசாக இருந்தது. நான் ஊக்கம் என்று சொல்வது இந்த முழுசாக இருப்பதைத்தான், உற்சாகத்தை அல்ல.

நான் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம்: முதலில் கேமராவை எடுப்பதில்லை. அவர்கள் விற்பதில் ஏதாவது, அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று முகம் சொன்னால் உடனே கிளம்பிவிடுவேன்.

ஒற்றைமிதி | புதன், காலை 8.20

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். பாத்தியில் இறங்குவதானால் மட்டும் காலை நேரத்தில், கேட்டுவிட்டு இறங்குங்கள். தையில் உப்பு வாரமாட்டார்கள், மழையில் வந்த சேற்றை வழித்து மிதித்துத் தளம் கெட்டிப்படுத்தும் வேலைதான் நடக்கும். மிதிபட்டுப் பதமான பாத்தியில் செருப்புக்கால் வைத்தால் அவர்கள் வேலை வீணாகிவிடும்.

வேதாரண்யத்தான் | புதன், மதியம் 1.10

கடலோரி, எங்கள் ஊரைத் தாண்டித்தானே போயிருக்கிறீர்கள்! அங்கேயும் மனம் ஒட்டவில்லை என்றது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். 240 கிலோமீட்டர் போல. 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது நடுவில் நடந்தது. அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். இவர்களுக்கு யார் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் ஜெயில் என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்க விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் வைத்தது என்று கேட்டால் ஆள் கிடையாது. நடந்து வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள்.

உங்களுக்கு யாராவது வழியில் இளநீர் வெட்டிக் கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பியிருப்பார்கள். இந்தப் பகுதியில் அது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அப்புறம், தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, அவர்கள் சித்திரை வெயிலில் நடந்தார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான் சராசரி. தங்கிய ஊர்களில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். மெதுவாகப் போனதால்தான் அந்த ஊர்களெல்லாம் அதில் சேர்ந்துகொண்டன.

நான் பயணம் போகும்போது, அடுத்த நாள் கடக்கப்போகும் ஊர்களில் ஒன்றைப் பற்றி முந்தின இரவே ஏதாவது தெரிந்துவைத்துக்கொள்வேன். ஒரே ஒரு விஷயம் போதும். நாளைக்கு நீங்கள் மல்லிப்பட்டினம் பக்கம் வருவீர்கள். அங்கே மனோராவைப் பாருங்கள். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம், 1814-15இல். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் ஏன் கோபுரம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தால் பத்து கிலோமீட்டர் ஓடிவிடும்.

நெய்தலக்கா | புதன், இரவு 9.45

எல்லாரும் பகலைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அனுபவத்தில் காலையில் எழும்போது மனம் எப்படி இருக்கும் என்பதை முந்தின இரவுதான் தீர்மானிக்கிறது. பெண்ணாகத் தனியே போகிறவளுக்கு இது இன்னும் அதிகம். எங்கே படுக்கப்போகிறேன் என்று மதியம் இரண்டு மணியிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தால், வழியில் பூநாரைக் கூட்டமே இறங்கினாலும் கண்ணில் படாது.

அதனால் நான் நான்கு மணிக்கே நிறுத்திவிடுவேன். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்ப் பெண்களிடம் கேட்பேன். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி யார் என்று விசாரித்தால் அந்த ஊரே பாதி வழிக்கு வந்துவிடும். தேவாலய வளாகம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், புயல் பாதுகாப்பு மையத்தின் திண்ணை, இவற்றில் எங்கே கூடாரம் போடலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சவுக்குத் தோப்பு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கீழே மெத்தை மாதிரி சருகு. ஆனால் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், அடுப்பை அங்கே பற்ற வைக்கவே வைக்காதீர்கள்.

இனி கடலோரிக்கு. காட்டுமாவடி தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை வரும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல். "பார்க்க ஒன்றும் இல்லை" என்று எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் ஊர்கள். நான் அங்கே ஓர் இட்லிக் கடையில் இறங்கினேன். கடை நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கியரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் ஓட்டிக் காட்டட்டா?" என்றார்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், பூ விற்பவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அந்த அம்மா அதில் கற்றுக்கொண்டவர். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினாராம். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். அதற்கு முன்னால் தண்ணீருக்கும் சந்தைக்கும் பஸ்ஸை அல்லது வீட்டு ஆண்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். ஊரில் கேலி பேசியவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார், ஒன்றையும் மறக்கவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் வண்டியில் ஏறினார். மூட்டை முடிச்சு எல்லாம் கேரியரில் அப்படியே இருந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கி, "சீட்டு ரொம்ப ஒசரம், பிரேக்கு நல்லாப் பிடிக்குது" என்றார்.

நான் சைக்கிளில் வெளியே போவதற்கு எங்கள் வீட்டில் இன்றும் சம்மதம் இல்லை. அன்றைக்கு மதியம் மீமிசல் வரை நான் எப்படி மிதித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பஞ்சர்பெட்டி | புதன், இரவு 10.10

தங்கச்சி, அருமை. நம் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 2001க்கு அப்புறம் நடந்ததைத்தான் பேசுகிறார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இந்தப் பெண்கள் பாதையைப் போட்டுவிட்டார்கள்.

கடலோரி | வெள்ளி, மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. மல்லிப்பட்டினம் பக்கத்தில் இருக்கிறேன். நேற்றே கடந்துபோயிருக்க வேண்டிய இடம்.

முதலில் பஞ்சர்பெட்டி அண்ணன் சொன்னதைச் செய்தேன். காலையில் இட்லி, பத்து மணிக்கு மோர், மதியம் வேப்பமரத்து நிழலில் தூக்கம். தலைப்பாரம் போய்விட்டது. ஆனால் மனம் ஒட்டியது அதனால் மட்டும் இல்லை.

அதிராம்பட்டினத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் கேட்டு இறங்கினேன். பாதி தோப்பில் வெட்டிப்போட்ட அடிக்கட்டைகள். பாதியில் இளமரங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது, விழுந்ததெல்லாம் முப்பது நாற்பது வருஷத்து மரங்கள் என்றார் தோப்புக்காரர். அவருடைய அப்பா வைத்தவை. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்காகியிருக்கிறது. அதற்கப்புறம் கன்று வைத்துத் தண்ணீர் விட்டிருக்கிறார். நெட்டை ரகம், காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே காட்டினார். முதல் பாளை வெடித்து, குரும்பை பிடித்திருந்தது. எலுமிச்சை அளவுகூட இல்லை. "இதுல பாதி உதிர்ந்துடும், மீதி நிக்கும்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு வேலை இருந்தது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்காமல் இருக்க, வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து, மேல் மட்டைகளின் இடுக்கில் போட வேண்டும். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு மணல். கலக்கிறேன் என்று சொன்னேன், கொடுத்தார். மதியம் வரை நான் கலந்து கூடையில் அள்ளிக் கொடுக்க, அவர் மரம் மரமாகப் போட்டுக்கொண்டே போனார். ஏணி தேவைப்படாத உயரம்தான் இன்னும். சாயங்காலம் மேட்டில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். ராத்திரி வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது.

மனோராவுக்கு மறுநாள் போனேன். வேதாரண்யத்தான் சொன்ன நெப்போலியன் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அதன் அடியில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவரோடு பேச்சுக் கொடுத்தேன். வலையில் ஆவுளியா, அதாவது கடற்பசு, மாட்டினால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடுவோம் என்றார். இந்தத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வலையின் விலை என்னவென்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், அறுத்துவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

நெய்தலக்கா, அந்த இட்லிக் கடை எந்த ஊரில் என்று சொல்ல முடியுமா?

நெய்தலக்கா | வெள்ளி, இரவு 8.00

தம்பி, ஊரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் அறுபது வயது தாண்டிய அம்மாக்கள் யாரிடம் வேண்டுமானாலும் "அறிவொளியில் சைக்கிள் பழகினீங்களா" என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் கிடைப்பார்கள்.

மணல்வீடு | சனி, காலை 6.50

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நானும் மாசியில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். இரண்டு கேள்வி. கடற்கரை மணலில் கூடாரத்து முளை நிற்குமா? நோட்டில் எழுதுகிற பழக்கம் யாருக்காவது உண்டா, அது உதவுகிறதா?

தெற்குமுனை | சனி, காலை 9.30

முளை நிற்காது. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிக் குழிக்குள் புதையுங்கள். முளை இல்லாமலே நிற்கும் கூடாரமாக இருந்தால் நல்லது.

ஆனால் தையிலிருந்து பங்குனி வரை அலையோரத்து மணலில் கூடாரம் போடாமல் இருப்பதே முறை. பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரை ஏறும் காலம் அது. ஒரு குழியில் நூறு முட்டை போல இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரித்துக் கடலில் வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். நம் டார்ச்சும் கூடாரத்து விளக்கும் அவற்றைக் கரைப்பக்கம் திருப்பிவிடும். ஊர்ப்பக்கம் தள்ளியே தங்குங்கள். கடற்கரைக்கு நடந்து போனாலும் டார்ச்சை அணைத்துவிடுங்கள்.

எழுதுவது உதவுகிறது, ஆனால் நான் "உணர்வுகளை" எழுதுவதில்லை. தூங்குவதற்கு முன் நாலைந்து வரி, பார்த்ததை மட்டும். பனை பற்றி எழுதியது: "கலயம் கழுவ மணலும் தேங்காய் நாரும். சுண்ணாம்பு விரலால் தடவினார், குச்சியால் அல்ல. நாய் பெயர் மணி. மகன் தீபாவளிக்குத்தான் வருவான்." இப்படி எழுத வேண்டும் என்றால் பகலில் கவனித்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கிலோமீட்டரை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஒற்றைமிதி | சனி, காலை 10.15

கிலோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு எண்ணிக்கை பிடிக்கும். இத்தனை தூரம் வந்தேன் என்று இரவில் பார்ப்பது நிறைவாகத்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் சரியாக ஒன்பது நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வருகிறவன் தோப்பில் ஒரு நாள் உட்கார முடியாது, அவனுக்கு அந்த எண்ணிக்கைதான் கைப்பிடி. அவனுக்கு நான் சொல்வது: தூரத்தைக் குறைக்க முடியாவிட்டால், நிறுத்தங்களைக் குறையுங்கள். பத்து இடத்தில் ஐந்து ஐந்து நிமிஷம் நிற்பதற்குப் பதில் ஒரே இடத்தில் ஐம்பது நிமிஷம்.

தெற்குமுனை | சனி, காலை 10.30

இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல யோசனை.

பஞ்சர்பெட்டி | சனி, மதியம் 12.05

ராமநாதபுரத்துக்குள் நுழையும் எல்லாருக்கும்: கருவேல முள். இரண்டு பக்கமும் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல் கிளைகள் சாலை ஓரத்தில் கிடக்கும். லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால் டயருக்குள் போய்விடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு லைனர் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூபை அந்தப் பக்கத்துக் கடைகளில் தேடினாலும் கிடைக்காது. பைக் வால்வு மாதிரி இருக்கும் ஷ்ரேடர் டியூப் போட்டால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டும் நேரத்தில் கடைக்காரரிடம் பேசுங்கள். ஊரின் எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கடலோரி | அடுத்த வியாழன், இரவு 7.40

மணப்பாட்டிலிருந்து எழுதுகிறேன்.

மீமிசல் பக்கம் இரண்டு அம்மாக்களைப் பார்த்தேன். ஒருவர் கற்றுக்கொண்ட மைதானத்தையே காட்டினார், இப்போது அங்கே தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. இன்னொருவர், விழுந்து முழங்கையில் பட்ட தழும்பைக் காட்டிவிட்டு, மகளுக்கும் தானே கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். பேத்தி ஸ்கூட்டியில் வந்து நின்று எங்கள் பேச்சு முடியும் வரை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடி தாண்டியதும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை முழுக்க. பச்சை வேட்டி, பச்சைச் சேலை. தைப்பூசம் நெருங்குகிறது. வழியெல்லாம் பந்தல் போட்டு எலுமிச்சை சாதமும் சுக்குக் காபியும் கொடுக்கிறார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். கால் கொப்பளித்துப் போன ஒரு பெரியவரின் பையை என் கேரியரில் வைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் சாயல்குடியிலிருந்து நடப்பவர். மனம் சலிக்காதா என்று அவரிடமும் கேட்டேன். "சலிக்கும். அப்பப்ப யார்கூடயாவது சேர்ந்துக்குவேன், அவங்க வேகத்துக்கு நடப்பேன்" என்றார். அப்படியே என்னோடும் ஒரு மணி நேரம் நடந்தார்.

இங்கிருந்து கன்னியாகுமரி ஒரு நாள் தூரம்தான். நாளைக் காலையில் கிளம்பி முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் தேவாலயத்து மணல்மேட்டுக்குக் கீழே ஒரு வீட்டு வாசலில், தாத்தாவும் பேரனும் சிங்கி இறால் வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். பேரன் இப்போதுதான் பழகுகிறான். கண்ணியின் அளவு தப்பினால் தாத்தா ஒன்றும் சொல்லாமல் அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கையில் கொடுக்கிறார். நாளை மதியத்துக்குள் முடித்து, சாயங்காலம் கடலில் இறக்கப்போகிறார்கள். அந்தப் பையன் பொத்திய வலையில் என்ன விழுகிறது என்று நாளை மறுநாள் விடிகாலையில் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஒரே ஒரு கேள்வி: கூடங்குளத்துக்குப் பிறகு பக்கக்காற்று அதிகம் என்கிறார்கள். இந்த மாதத்தில் எப்படி இருக்கும்?

தெற்குமுனை | அடுத்த வியாழன், இரவு 8.15

அந்தப் பக்கம் சோதிக்கிற காற்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருவது. இப்போது பயமில்லை. ஆனாலும் விடியும்போதே கிளம்புங்கள், பத்து மணிக்குள் பெரும்பகுதி தூரம் போய்விடலாம். வழியில் உவரியில் மீன் ஏலம் காலையிலேயே நடக்கும். வலையில் என்ன விழுந்தது என்று இங்கே எழுதுங்கள்.